தொட்டிலுக்கு மேல் நாலு குருவி

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
11 நவம்பர் 2007

தங்கச்சி யோகராணிக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும்.

போன டிசம்பரில், எட்டாம் மாதத்தில் உன் மகன் வயிற்றுக்குள்ளேயே போன அந்தக் கிழமையில், உன் கணவர் இரத்தினவேல் தொலைபேசியில் என்னைப் பேசிய பேச்சுக்கு நான் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர், கொட்டித் தீர்க்கட்டும் என்று விட்டேன். "நீர் சின்னப் பிள்ளையளுக்குத் தாள் வெட்டிக் குடுத்துப் பிழைக்கிற ஆள். வெட்டுறதெண்டால் உம்மட வீட்டில இருந்து வெட்டும். என்ர பிள்ளையின்ர தொட்டிலுக்கு மேல செத்தவீட்டுத் தோரணம் கட்ட உமக்கு என்ன துணிவு?" என்றார். பின்னால் நீ அழுகிற சத்தம் கேட்டது. 'என்ர அண்ணையை அப்பிடிப் பேசாதேங்கோ' என்று ஒரு தடவையாவது சொல்வாய் என்று காதை வைத்துக்கொண்டு நின்றேன். நீ சொல்லவில்லை.

கொட்டியவர் ஓய்வார் என்று நினைத்தது என் மடமை. கோவில் மண்டபத்தில் சொல்லியிருக்கிறார். அவரோடு பஸ் ஓட்டுகிறவர்கள் தேநீர் குடிக்கிற அறையில் சொல்லியிருக்கிறார். போன மாதம் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் ஜெகதீஸ்வரன் எதிரே வந்தார். அவருடைய மகன் கலியாணத்தில் வரவேற்புரை எழுதிக் கொடுத்தவன் நான். என்னைக் கண்டதும் பிள்ளைத்தாச்சி மருமகளின் முழங்கையைப் பிடித்து ரொட்டிக் கடைக்குள் திருப்பிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மாமா, பாண் வாங்கியாச்செல்லே?" என்று கேட்டாள். எனக்கு விளங்கியது.

அந்தப் பேச்சு வேலையிடத்துக்கும் வந்துவிட்டது. தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்ற நான் இந்த நாட்டின் பாலர் பூங்கா ஒன்றில் உதவியாளனாகவே நரைத்துப் போனதை நீ அறிவாய். என்னிடம் கத்தரிக்கோல் பிடிக்கப் பழகிய பிள்ளைகளின் வயதுடைய ஒருத்தி இப்போது எனக்கு மேலாளர். அதையும் விழுங்கினேன். அங்கே எனக்கென்று இருந்தது ஒன்றுதான்: கிறிஸ்துமஸ் வந்தால் போடுகிற நத்தார் கைவேலை மேசை. கழிவறைத் தாள் சுருளின் மட்டையில் சிவப்புத் தொப்பிக் குள்ளன், உப்பு மாவில் நட்சத்திரம், தோடம்பழத்தில் கராம்பு குத்துவது, சிவப்பும் வெள்ளையுமாகக் காகிதத்தில் பின்னும் இதயக்கூடை. அந்த மேசையில் மட்டும் நான் யாருக்கும் உதவியாளன் இல்லை. இந்த வருசம் துஷ்யா என்ற எங்கள் தமிழ்ப் பெண்பிள்ளை, நான் மூன்று வயதிலிருந்து தூக்கித் திரிந்த பொடியனின் தாய், வாசலில் நின்று சப்பாத்தைப் பார்த்தபடி சொல்கிறாள்: "குறை நினையாதேங்கோ அங்கிள், இவனை உங்கட மேசையில இருத்த வேண்டாம் எண்டு மாமி சொல்லிப்போட்டா."

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தடவைதான் சொல்வேன்.

டிசம்பர் பத்து, நத்தாருக்கு முந்திய நாலு அட்வென்ட் ஞாயிறுகளில் இரண்டாவது. வழமைபோல் உன் மகள் கம்சிகா என் வீட்டுக்கு வந்தாள். இதயக்கூடை வேண்டாமாம். "அது எல்லாரிட்டயும் இருக்கு மாமா. தம்பின்ர தொட்டிலுக்கு ஒருத்தரிட்டயும் இல்லாதது வேணும்." ஆகவே தோரணம் செய்தோம். குருத்தோலைக்குப் பதில் வெள்ளைத் தாள். எங்கள் ஊர் வழக்கம் உனக்கும் தெரியும், உன் கணவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நல்ல காரியத்துக்கு நாலு குருவி, தலை மேலே. செத்தவீட்டுக்கு மூன்று குருவி, தலை கீழே. நான் நாலு குருவி மடித்தேன். தலை மேலே. "உங்கட குருவிக்கு மூக்கு வளைஞ்சுபோச்சு, உங்கட மூக்கு மாதிரி" என்று அவள் சிரித்தாள். ஒவ்வொன்றாக நூலில் கட்டி, பையில் வைத்து அனுப்பினேன்.

நாலு. மேலே.

உன் கணவர் மூன்று என்கிறார். அவர் பொய் சொல்கிறார், அல்லது துக்கத்தில் கண் தெரியவில்லை. எதுவென்று நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். டிசம்பர் இரண்டாம் தேதி முதல் அட்வென்ட் ஞாயிறு. கம்சிகாவை அனுப்பு. உங்கள் அம்மருட்டிலிருந்து இங்கே வர அரை மணித்தியாலம் ஆகாது. நீயே கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுப் போ. உள்ளே வரத் தேவையில்லை.

அண்ணன்
இந்திரகுமார்


அம்மருட்
19 நவம்பர் 2007

அன்பின் அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்பெட்டித் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது, அதனால் பயமில்லை. தொலைபேசி எடுக்காதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், அழுதால் கம்சிகா வந்து முகத்தைப் பார்ப்பாள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஜெகதீஸ்வரன் அண்ணை செய்தது இருக்கிறது, துஷ்யா சொன்னது இருக்கிறது, உங்கள் மேலாளர் இருக்கிறா. என்ர பிள்ளை ஒரு வரியில்தான் இருக்கிறான். அதுவும் தேதி சொல்ல.

கோபிக்காதீர்கள். எனக்கும் எழுத வேண்டியது இருக்கிறது, அதுதான்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அவர் வரவேண்டாம் என்றவர், ஓம். என்றாலும் வாசல்வரைக்கும் வந்திருக்கலாம். எனக்கு இந்த நாட்டில் கூடப்பிறந்தது நீங்கள் ஒருவர்தானே. பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் தந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் அண்ணாவுக்குக் காட்டவேணும் என்றுதான் முதல் நினைப்பு வந்தது. உங்கள் நெற்றி.

தொப்புள்கொடியில் முடிச்சு விழுந்துவிட்டது என்று டொக்டர் சொன்னா. உண்மையான முடிச்சு, நூலில் விழுகிற மாதிரி. ஆயிரத்தில் ஒருத்திக்கு வருமாம். படம் கீறிக் காட்டினா. நான் நம்புகிறேன். பகலில் நம்புகிறேன்.

ஆனால் அண்ணா, மூன்று குருவிதான். அவர் பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு, அவர் அதைப் பிடுங்கும்போது நானும் பார்த்தேன். மூன்று, தலைகீழ். எல்லா வீட்டிலும் செத்தவீடு நடந்த காலத்தில் வளர்ந்த நாங்கள் அதைப் பிழையாக எண்ணுவோமா? நீங்கள் நாலு என்கிறீர்கள். உங்களை நம்பவும் மனம் சொல்கிறது. என் கண்ணை என்ன செய்ய?

கம்சிகாவை அனுப்ப முடியாது. அவர் விடமாட்டார். அவளும் கேட்கிறாள் இல்லை. உங்கள் பெயரையே எடுப்பதில்லை. முதலாம் வகுப்புக்குப் போகிறாள் இப்போது. போன கிழமை பள்ளிக்கூடத்து ரீச்சர் தொலைபேசி எடுத்தவ. எல்லாப் பிள்ளைகளும் நத்தார் அலங்காரம் வெட்டத் தொடங்கிவிட்டார்களாம், இவள் மட்டும் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருக்கிறாளாம். உங்கள் சமயத்தில் இதற்குத் தடையா என்று கேட்டா. நான் இல்லை என்றேன். பிறகு ஏன் என்று கேட்டா. தெரியாது என்றேன்.

சோறு அடுப்பில். நிறுத்துகிறேன்.

தங்கச்சி
யோகராணி


ட்வெய்ட்டா
22 நவம்பர் 2007

யோகராணி,

ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். வந்தேன். எதிரேயுள்ள பஸ் தரிப்பில் நின்றேன். பதினான்காம் தேதி, ஐஸ் மழை. உன் கணவர் வெளியே வந்து சிகரெட் பற்றவைத்தார். என்னைப் பார்த்தார். நான் ஒரு அடி எடுத்துவைத்தேன். சிகரெட்டைப் பாதியில் எறிந்துவிட்டு உள்ளே போனார். நான் அங்கேயே நின்றேன், இருட்டும்வரை. இங்கே டிசம்பரில் எத்தனை மணிக்கு இருட்டும் என்று உனக்குத் தெரியும், ஆகவே நெடுநேரம் நின்றதாகப் பெருமை பேசவில்லை. நின்றேன் என்று மட்டும் சொல்கிறேன். அவர் உனக்குச் சொல்லவில்லை. அவர் சொல்லாத வேறு எதெல்லாம் இருக்கிறதோ.

நீயும் மூன்று என்கிறாய். சரி. என் வீட்டிலிருந்து நாலு போனது, உன் வீட்டில் மூன்று தொங்கியது என்றால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. நான் ஊரில் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவன். ஒரு ஆய்வு மாதிரி கை மாறும்போது யார் யார் தொட்டார்கள் என்றுதான் முதலில் கேட்போம். தொட்டது மூன்று பேர். நான், கம்சிகா, உன் கணவர்.

பிள்ளை பொய் சொல்லாது. அவளைக் கேள். என் சார்பில் சாட்சி சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருக்கிறது, அதற்கு ஆறு வயது. மாமா எத்தனை குருவி செய்தவர் என்று கேள். தலை எந்தப் பக்கம் இருந்தது என்று கேள். அவளுக்கு ஞாபகம் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கண் கீறியது அவள்தான். நாலாவதற்குக் கண் பெரிதாகிவிட்டது என்று அழப்போனாள், "அது இப்பதான் நித்திரையால எழும்பினது" என்று சமாளித்தேன்.

கேட்டு எழுது. அவள் நாலு என்று சொன்னால், அதை உன் கணவருக்கு முன்னால் சொல்லவேண்டும். ஒரு வருசமாக நான் ஒரு கொலைகாரனைப் போல் கடைத்தெருவில் நடக்கிறேன். இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லையா?

முதல் ஞாயிறு போனால் போகட்டும். நாலு ஞாயிறு இருக்கிறது. தாளும் நூலும் வாங்கி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை அவள் விரும்பினால் வெறும் நட்சத்திரம் போதும்.

இந்திரகுமார்


அம்மருட்
4 டிசம்பர் 2007

அண்ணா,

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு கம்சிகாவுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். முகத்துக்கு நேரே கேட்கப் பயமாக இருந்தது, அதனால் பின்னால் இருந்து, பின்னியபடி, சும்மா கேட்பதைப் போலக் கேட்டேன்.

"பிள்ளை, போன வரியம் மாமாவும் நீங்களும் தோரணம் செய்தனீங்கள் எல்லே. மாமா எத்தினை குருவி செய்தவர்?"

தலை என் கைக்குள் கல்லாகிவிட்டது.

"நாலு."

"அப்ப அப்பா ஏன் குஞ்சு மூண்டு எண்டவர்?"

பின்னலை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். பிறகு நோர்வேஜிய மொழியில் சொன்னாள். அவளுக்குப் பயமென்றால் தமிழ் வராது, உங்களுக்குத் தெரியும்தானே. நான் தமிழில் எழுதுகிறேன்.

ஒன்றை அவள் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டாளாம். பெரிய கண் குருவியை. தம்பி வந்ததும் கையில் வைத்து விளையாட ஒன்று வேண்டுமாம், அதை மெத்தை உறைக்குள் ஒளித்து வைத்தாளாம். மிச்சம் மூன்றும் அப்பா, அம்மா, அக்காவாம். ஆனால் குருவிகள் முகட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தனவாம். அப்படியென்றால் தம்பியை யார் பார்ப்பது? அதனால் கதிரையில் ஏறி, தலைகீழாகத் திருப்பி, டேப் ஒட்டிவிட்டாளாம். மூன்று பேரும் குனிந்து தம்பியைப் பார்க்கிற மாதிரி.

"நீங்கள் வடிவாயிருக்கு எண்டு சொன்னீங்கள் அம்மா" என்றாள். இதைத் தமிழில் சொன்னாள்.

சொன்னேன் அண்ணா. அறை வாசலில் நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எண்ணாமல், என்ர குஞ்சு வடிவாய்க் கட்டியிருக்கு என்று சொன்னேன்.

அவர் உங்களைத் தொலைபேசியில் பேசியபோது இவள் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். மூன்று குருவி தலைகீழாய்க் கட்டினால் ஆள் சாகும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஐந்து வயதில். அன்றிலிருந்து ஒரு வருசம் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

நிலக்கீழ் அறைக்குப் போய்த் தொட்டில் பெட்டியைத் திறந்தேன். மெத்தை உறைக்குள் இருந்தது. நசிந்துபோய். பெரிய கண்.

நீங்கள் நாலுதான் செய்தீர்கள். தலை மேலேதான். உங்களை நம்பாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

யோகராணி


ட்வெய்ட்டா
6 டிசம்பர் 2007

யோகராணி,

நாலு. நான் சொன்னேன். முதல் கடிதத்திலேயே சொன்னேன்.

இதை உன் கணவருக்குச் சொல். இன்றைக்கே சொல். மெத்தைக்குள் இருந்ததை அவர் கண்ணுக்கு முன்னால் மேசையில் வை. அவர் எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், மன்னிப்புக் கேட்டால் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஜெகதீஸ்வரனுக்குச் சொல்லவேண்டும். எந்தெந்த வாயால் போனதோ அந்தந்த வாயால் திரும்பி வரவேண்டும். துஷ்யாவின் மாமி வரைக்கும்.

பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாதே. பிள்ளைகள் மறப்பார்கள். நான் இருபது பேருக்கு நடுவில் நிற்கிறவன், எனக்குத் தெரியும். காலையில் கடித்துக்கொண்டவன் மத்தியானம் பக்கத்தில் இருந்து சாப்பிடுவான். அவளை என்னிடம் அனுப்பு, ஒரு மணித்தியாலத்தில் கத்தரிக்கோலைக் கையில் எடுக்க வைக்கிறேன்.

ஒன்பதாம் தேதி ஞாயிறு. பத்து மணியிலிருந்து வீட்டில் இருப்பேன்.

இந்திரகுமார்


அம்மருட்
12 டிசம்பர் 2007

அண்ணா,

ஞாயிறு நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். மறுமொழி போடாததற்கு மன்னியுங்கள். உங்கள் கடைசிக் கடிதத்துக்கு என்ன மறுமொழி போடுவதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அதை எழுதிவிட்டுத் திருப்பிப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். படித்திருந்தால் தபாலில் போட்டிருக்க மாட்டீர்கள்.

அவருக்கு நான் சொல்லவில்லை.

சொன்னால் பிள்ளையைப் பேசுவார் என்றில்லை. அடிக்கவே மாட்டார், அவருக்கு அவள் உயிர். ஆனால் பார்ப்பார். சாப்பிடும்போது, சப்பாத்துப் போட்டுவிடும்போது, ஒரு விநாடி கூடப் பார்ப்பார். அந்தப் பார்வை இந்தப் பிள்ளைக்குத் தெரியும். பருந்தின் நிழல் கண்ட கோழிக்குஞ்சு மாதிரி எல்லாம் தெரியும் அவளுக்கு. அதோடு எங்கள் சனங்கள். உங்களைக் கண்டு ரொட்டிக் கடைக்குள் திரும்பியவர்கள் அவளைக் கண்டு எங்கே திரும்புவார்கள்? நீங்கள் ஐம்பது வயது மனிதர், உங்களாலேயே தாங்க முடியவில்லை.

டொக்டர் சொன்னதை அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். தம்பியின்ர கொடியில் முடிச்சு விழுந்தது, தாளில் ஒன்றும் இல்லை என்று. படம்கூடக் கீறினேன். கவனமாகக் கேட்டாள்.

"அப்ப தாள் ஒண்டும் செய்யாதோ?"

"செய்யாது குஞ்சு. தாள் என்ன செய்யும்?"

"அப்ப அப்பா ஏன் மாமாவைப் பேசினவர்? ஏன் மாமா வீட்டை வாறேல்லை?"

இதற்கு மறுமொழி உங்களிடம் இருக்கிறதா? தாளில் ஒன்றும் இல்லையென்றால் மாமா வரவேண்டும். மாமா வரவில்லையென்றால் தாளில் ஏதோ இருக்கிறது. அவளுக்கு இது கணக்குப் போலத் தெளிவாக இருக்கிறது. அவர் உங்களை வீட்டுக்கு எடுத்தால் எல்லாம் சரியாகும். உண்மை தெரியாமல் அவர் எடுக்க மாட்டார். உண்மை தெரிந்தால் பிள்ளை உடைந்துபோகும். நான் இதை இரவு பகலாகச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன், வேறு வாசல் தெரியவில்லை.

இப்போது ஒரு புதுப் பழக்கம். படுக்கைக்குப் போகும்போது, "மாமா கட்டினதோ, நான் கட்டினதோ?" என்று கேட்கிறாள். ஒவ்வொரு நாளும். நான் பேச்சை மாற்றுகிறேன். நேற்று, "சொல்லுங்கோ அம்மா, ஆர் எண்டு மட்டும் சொல்லுங்கோ, நான் அழமாட்டன்" என்றாள்.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கத்தரிக்கோலைக் கொடுத்தபோது சத்தி எடுத்திருக்கிறாள். நாளைக்கு லூசியா, பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் மெழுகுதிரியோடு ஊர்வலம் போகிற நாள். வெள்ளை உடுப்பு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன், ஊர்வலத்தில் நிற்க மாட்டேன் என்கிறாள். போன வருசம் நான் ஆஸ்பத்திரியில் படுத்தது அன்றைக்குத்தான்.

நீங்கள் என்ன செய்யவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் வராது. படித்தவர் நீங்கள், யோசியுங்கள்.

யோகராணி


ட்வெய்ட்டா
16 டிசம்பர் 2007

யோகராணி,

யோசித்தேன். நீ கேட்காமல் கேட்டது என்னவென்று விளங்குகிறது. சின்ன வயதிலும் உன்னிடம் இந்தக் கெட்டித்தனம் இருந்தது. எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டாய், அருகில் வந்து நிற்பாய், கொடுத்தவன் தானாகக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ள வேண்டும். நான் அப்படி நினைக்கவில்லை. இது என்னிடமிருந்து பிடுங்கப்படுகிறது. அதைத் தெரிந்துகொண்டே கொடுக்கிறேன்.

உன் கணவருக்கு ஒன்றும் சொல்லாதே. அவர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். நாலாவது குருவியை எரித்துவிடு, வைத்திராதே. ஒருநாள் அவர் கண்ணில் படும், அல்லது வளர்ந்த பிறகு அவள் கண்ணில் படும். ஒரு வருசம் நான் தேடிய ஆதாரம் அது. கையில் வாங்கிப் பார்க்கக்கூட வேண்டாம். எரி.

இந்த உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறது. கம்சிகாவுக்கு வாசித்துக் காட்டு. அவர் வீட்டில் இல்லாதபோது. சொல்லை மாற்றாதே. அவள் உன்னைக் குறுக்குக் கேள்வி கேட்பாள், அதையெல்லாம் யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். அதில் இருப்பது இது:

'கம்சிகா, ஆர் கட்டினது என்று நீ கேட்டாயாம். மாமா கட்டினது. நீ ஒரு குருவியை வெட்டினதும், மற்றதைத் திருப்பினதும் அம்மா சொன்னா. அதில் ஒன்றும் இல்லை. அப்பாவுக்குத் தோரணத்தைப் பற்றி அரைவாசிதான் தெரியும். மூன்றோ நாலோ, மேலேயோ கீழேயோ, அது ஒன்றும் செய்யாது. செய்வது நூல் முடிச்சுத்தான். தோரணத்தில் முடிச்சைப் பிழையாகப் போட்டால் கூடாது. முடிச்சுப் போட்டது மாமா. நீ இல்லை. யோசித்துப் பார், அப்போது உனக்கு முடிச்சுப் போடத் தெரியாது. உன் சப்பாத்துக்கும் நான்தான் கட்டிவிட்டேன். சரியான முடிச்சு எதுவென்று மாமாவுக்குத் தெரியும். அன்றைக்கு மாமா கவனிக்கவில்லை. அதனால்தான் அப்பா மாமாவைப் பேசினார். அப்பா பேசியது சரி. அதனால்தான் நான் இனி வரமாட்டேன். நீ வெட்டலாம், ஒட்டலாம், குருவி, நட்சத்திரம், இதயம், எதையும் செய்யலாம். உன் கையில் ஒன்றும் இல்லை.'

படித்துவிட்டாய் அல்லவா. தாவரவியல் படித்தவன் எழுதியது. இருபது வருசமாகப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்காத ஒன்று பயம். அதை முதன்முதலாக அவளுக்காக எழுதியிருக்கிறேன். டொக்டர் சொன்ன முடிச்சு அவள் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. இந்த முடிச்சைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்துவிட்டேன். அவள் நம்புவாள். நம்பியபின் என்னை மன்னிக்க மாட்டாள், அதுதான் வேண்டும். மன்னித்தால் தேடி வருவாள், வந்தால் கேட்பாள், கேட்டால் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் இதை இரண்டாம் தரம் சொல்ல இயலாது.

ஆகவே அவளை அனுப்பாதே. நான் கேட்டாலும் அனுப்பாதே. கேட்பேன். ஒரு டிசம்பரில் குடித்துவிட்டோ குடிக்காமலோ கேட்பேன். அப்போது இந்தக் கடிதத்தை எனக்குத் திருப்பி அனுப்பு.

வேலையிடத்தில் மேலாளரிடம் சொல்லி நத்தார் மேசையிலிருந்து விலகிவிட்டேன். முதுகு நோ என்றேன். "அப்படியென்றால் வெளியே பிள்ளைகளுடன் நில், பனியில் நடப்பது முதுகுக்கு நல்லது" என்றாள். வெளியே நிற்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேசையைச் சுற்றித் தலைகள் தெரிகின்றன. துஷ்யாவின் பொடியனும் இருக்கிறான்.

உன் கணவர் வென்றார் என்று நீ நினைக்கலாம். அவருக்கு அது தெரியவே போவதில்லை என்பதில் ஒரு சின்னத் திருப்தி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். தேடிப் பார்த்தேன், இல்லை. அவரை வெறுக்கிறேன். அவர் உயிரோடு இருக்கும்வரை என்னைப் பற்றிய தன் கருத்து சரியென்றே இருப்பார் என்று நினைக்கும்போது இன்னும் வெறுக்கிறேன். உன்னையும் கொஞ்சம். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

துணியில் சுற்றித் தந்த அந்தப் பிள்ளைக்கு என் நெற்றி என்று எழுதியிருந்தாய். அதை நீ எழுதாமல் விட்டிருக்கலாம்.

உறையை ஒட்டுவதற்கு முன் இரண்டு தாளையும் ஒருமுறை பார்த்தேன். பிள்ளைக்கான தாளில் கீழே 'மாமா' என்று போடப் பேனையை வைத்தேன். என் வாழ்நாளில் நான் படித்துப் பார்த்து உண்மை என்று அறிந்ததற்குக் கீழேதான் பெயர் எழுதியிருக்கிறேன். இந்த நாட்டில் ஒரு விண்ணப்பத்தில்கூட வயதைக் குறைத்துப் போட்டவன் இல்லை. இந்தப் பொய்யைச் சொல்லச் சம்மதம். அதற்குப் பொறுப்பாளி என்று கையெழுத்து வைக்கச் சம்மதமில்லை. கீழே ஏன் பெயர் இல்லை என்று அவள் கேட்டால், யார் எழுதியதென்று உனக்கே தெரியும் என்று சொல்.

உனக்கு எழுதும் இந்தத் தாளுக்குக் கீழேயும் எழுதவில்லை. அண்ணன் என்று எழுதினால் நீ பதில் போடுவாய். முத்திரை ஒட்டியாயிற்று. கடைத்தொகுதி வாசலில் சிவப்புத் தபால்பெட்டி இருக்கிறது. பெயரில்லாமலே போடுகிறேன்.